பேரவை உறுப்பினர் பட்டியல்: வேலைக் குறிப்புகள்

மார்ச் 4

தமிழகச் சட்டப்பேரவையில் உறுப்பினராக இருந்தவர்கள் எல்லோரையும் ஒரே பட்டியலில் தொகுக்கிறேன். 1952 தேர்தலிலிருந்து வரிசையாகப் போவது என்று முடிவு. தேர்தல் ஆணையத்தின் அறிக்கையைத் திறந்த உடனே ஒரு தடங்கல். சென்னை மாநிலப் பேரவைக்கு 375 உறுப்பினர்கள், ஆனால் தொகுதிகள் 309தான். 66 தொகுதிகளில் இரண்டிரண்டு பேர். தொகுதிக்கு ஒரு வரி என்று அட்டவணை போட்டால் 66 பேர் காணாமல் போய்விடுவார்கள். ஆகவே ஆளுக்கு ஒரு வரி.

மார்ச் 6

அந்தப் பேரவைக் காலத்தில் முதல்வர்கள் இருவர்: ராஜாஜி, பிறகு காமராஜர். 1952இல் வென்றவர்கள் பட்டியலில் இருவர் பெயரும் இல்லை! ராஜாஜி மேலவைக்கு, அதாவது மாநிலத்தின் இன்னொரு அவைக்கு, நியமிக்கப்பட்டு வந்தவர். காமராஜர் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரின் மக்களவை உறுப்பினர். 1954இல் முதல்வரான பிறகு குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்றுதான் பேரவைக்குள் வந்தார்.

சாயங்காலம் நண்பர் ஒருவர் போனில் பேசினார். "ஜெயித்தவங்க பட்டியல்தான் ஏற்கெனவே இருக்கே சார், அப்புறம் எதுக்கு இந்த வேலை?" காமராஜரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. வாக்கு எண்ணும் நாளன்று ஜெயித்தவர்கள் வேறு, ஐந்து வருடமும் அவையில் உட்கார்ந்தவர்கள் வேறு. எனக்கு வேண்டியது இரண்டாவது பட்டியல்.

மார்ச் 7

அட்டவணையில் பதவிக்காலத்துக்கு 'முதல்', 'வரை', 'எப்படி முடிந்தது' என்று மூன்று பத்திகள் (நெடுவரிசைகள்) சேர்த்தாயிற்று.

மார்ச் 11

மூன்றாவது பத்திக்கு இன்று சோதனை. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிரிந்தது, பெல்லாரிப் பகுதி மைசூருக்குப் போனது. பேரவையின் பலம் 231 ஆனது. 1956 நவம்பர் 1 அன்று மலபாரும் தென் கன்னடமும் போக, 190. இவர்களில் யாரும் தோற்கவில்லை, ராஜினாமா செய்யவில்லை, சாகவில்லை. ஊர் போனது, கூடவே உறுப்பினரும் போனார். 'மாநில எல்லை மாற்றம்' என்று எழுதினேன்.

எதிர்த் திசையிலும் ஒரு சிக்கல். அதே நாளில் கன்னியாகுமரியும் செங்கோட்டையும் இங்கே சேர்ந்தன. ஆனால் திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபை மார்ச்சிலேயே கலைந்துவிட்டதால் கூட வர ஆளில்லை. 1957 தேர்தல் வரை அந்த வரிகள் காலிதான். யாரோ நிரப்ப மறந்துவிட்டார்கள் என்று பின்னால் வருபவர் நினைக்கக்கூடாதே என்று பக்கத்திலேயே காரணத்தையும் எழுதி வைத்தேன்.

மார்ச் 14

1957. திமுக முதன்முறையாகப் போட்டியிட்டு 15 பேர் வந்தார்கள்: காஞ்சிபுரத்தில் அண்ணா, குளித்தலையில் கருணாநிதி. கட்சிக்கு அப்போது அங்கீகாரம் இல்லை, அறிக்கையில் எல்லோரும் சுயேச்சை. அறிக்கையை அப்படியே நகலெடுத்தால் வரலாறு கெடும். திருத்தினால் ஆவணம் கெடும். கட்சிக்கு இரண்டு பத்திகள் போட்டேன்: ஆணையம் பதிந்தது ஒன்று, சார்ந்திருந்த கட்சி ஒன்று.

அதே வருடம் முதுகுளத்தூர். முத்துராமலிங்கத் தேவர் பேரவைக்கும் மக்களவைக்கும் ஒருசேர வென்று பேரவை இடத்தை விட்டார். ஜூலை இடைத்தேர்தலில் வந்தவர் சசிவர்ணத் தேவர். பொதுத்தேர்தல் அறிக்கையை மட்டும் நம்பினால் இவர் உறுப்பினராகவே இருந்திருக்க மாட்டார்.

மார்ச் 19

பேரவையின் இடங்கள் 1957இல் 205, பிறகு திருத்தணி வந்ததால் 206, 1967இல் 234. இந்தப் பகுதி சட்டென்று முடிந்தது.

மார்ச் 25

ஸ்ரீரங்கம், 2011–16. ஜெயலலிதாவின் வரியில் 'வரை' பத்தியில் எந்தத் தேதி? சொத்துக்குவிப்பு வழக்கில் அவருக்குத் தண்டனைத் தீர்ப்பு வந்தது 2014 செப்டம்பர் 27. தொகுதி காலி என்று அரசிதழில் அறிவிப்பு வந்தது நவம்பரில். தண்டனை பெற்ற கணமே பதவி போகும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் செப்டம்பர் 27தான் சரி. அரசிதழ் தேதியைக் குறிப்பில் வைத்துக்கொண்டேன். 2015 பிப்ரவரியில் அங்கே வளர்மதி. அப்புறம் ஆர்.கே.நகரில் வெற்றிவேல் விலக, ஜூனில் ஜெயலலிதா திரும்ப அவைக்குள். ஒரே பேரவையில் ஒருவருக்கே இரண்டு வரிகள், இரண்டு தொகுதிகள். இதைப் பிழை என்று நினைத்து யாராவது நீக்கிவிடுவார்களோ என்று எனக்குப் பயம்.

மார்ச் 27

தினகரன் பக்கம் நின்ற அதிமுக உறுப்பினர்கள் 18 பேர் தகுதி நீக்கம்: 2017 செப்டம்பர் 18. வழக்கு 2018 அக்டோபர் வரை இழுத்தாலும் தீர்ப்பு சபாநாயகர் முடிவையே உறுதி செய்ததால் தேதி மாறவில்லை.

திருக்கோவிலூர்தான் மண்டையை உடைத்தது. 2023 டிசம்பரில் பொன்முடிக்குத் தண்டனை, பதவி போனது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்ததும் பதவி திரும்பியது. நடுவில் இருந்த மாதங்களை என்ன செய்வது? வரியை இரண்டாக வெட்டினால் இடைத்தேர்தல் நடந்ததுபோல் தோன்றும். ஒரே வரியாக விட்டு, இடைவெளியைக் குறிப்பில் எழுதினேன். முழுத் திருப்தி இல்லை.

மார்ச் 30

ஆங்கிலோ இந்திய நியமன உறுப்பினர்களுக்கு (தேர்தல் இல்லாமல் அந்தச் சமூகத்திலிருந்து நியமிக்கப்பட்டவர்கள்) தனித் தாள். அந்த முறை 2020 ஜனவரியோடு முடிந்தது. அடுத்தது மேலவை, 1986 நவம்பர் 1 அன்று கலைக்கப்பட்டது வரை. அங்கே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் மாறுவார்கள், அதனால் 'எத்தனையாவது அவை' என்ற பத்தியே பொருந்தாது. அதற்குப் புதுக் கோப்பு திறக்க வேண்டும்.