சார்ஜர் வேட்டை

எங்கள் பல்கலைக்கழக விடுதியின் பசுமைக் குழுவுக்கு என்னைச் செயலாளராக ஆக்கினார்கள். அந்தப் பதவிக்கு வேறு யாரும் வாய் திறக்கவில்லை என்பதை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் வேலையாக, கைப்பேசி இல்லாமல் சுவரில் வெறுமனே தொங்கும் சார்ஜர்களை ஒழிப்பது என்று முடிவு செய்தேன். இரவு பத்து மணிக்கு மேல் டார்ச் விளக்குடன் கிளம்பி, கதவு திறந்திருக்கும் அறைகளிலெல்லாம் நுழைந்து, சார்ஜரைக் கழற்றி மேசையில் வைத்து, அதன்மேல் 'பூமி உங்களுக்கு நன்றி சொல்கிறது' என்ற சீட்டையும் வைத்துவிட்டு வருவேன். சீட்டுகள் கசங்கக் கூடாதே என்று அத்தனையையும் பிளாஸ்டிக்கில் லாமினேட் செய்திருந்தேன் என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஒரு நாள், சார்ஜ் முழுதாக ஏறியிருக்கும் என்று நானே தீர்மானித்துக் கழற்றிய ஒரு கைப்பேசி விடியற்காலையில் உயிரை விட்டது. அலாரம் அடிக்காததால், அதன் சொந்தக்காரரான மின்னியல் மாணவர் பல்கூடத் துலக்காமல் தேர்வறைக்கு ஓடினார்.

மாலையில் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ நோட்டும் பேனாவுமாக வந்து, மிக அமைதியாக எதிரே உட்கார்ந்தார். சும்மா தொங்கும் சார்ஜர் 0.2 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டின் 8,760 மணி நேரமும் தொங்கினாலும் 1.75 யூனிட்தான் ஆகும் என்று எழுதிக் காட்டினார். பிறகு, "அண்ணா, காலையில் எவ்வளவு நேரம் குளிக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் பக்கத்து அறையிலிருந்து "இருபது நிமிடம்" என்று குரல் வந்தது. என் பாட்டை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் 200 லிட்டர் தண்ணீர். அதன் வெப்பத்தை 25 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 5.8 யூனிட். "உங்களுடைய ஒரு குளியலுக்கு என் சார்ஜர் மூன்று ஆண்டுக்கு மேல் தொங்கலாம், அண்ணா" என்றார். கணக்கை இரண்டு முறை சரிபார்த்தேன். தவறு இல்லாததுதான் எரிச்சலாக இருந்தது.

அடுத்த கூட்டத்தில், நிமிடத்துக்கு 6 லிட்டர் மட்டும் விடும் ஷவர்களைப் பொருத்தவும், வெந்நீர்க் குளியலை 5 நிமிடத்துக்குள் முடிக்கவும் முடிவாயிற்று. அப்படிக் குளித்தால் ஒரு யூனிட்கூட ஆகாது. நேரத்தைக் கண்காணிக்கும் பொறுப்பு அந்த மாணவருக்கே போனது. எதிர்த்து வாக்களித்தவன் நான் ஒருவன்தான்.

முதல் நாள் காலை, தலை நிறைய நுரையுடன் இரண்டாம் பாட்டின் பல்லவியில் இருந்தபோது வெந்நீர் நின்றது. கத்துவதற்காக வாயைத் திறந்தேன். கதவுக்கு அடியிலிருந்து, துளியும் நனையாமல், லாமினேட் செய்த சீட்டு ஒன்று உள்ளே நகர்ந்து வந்தது: 'பூமி உங்களுக்கு நன்றி சொல்கிறது.'