ஜி4இ: ஒரு கேள்வி, ஒரு கார்

அமெரிக்காவில் ஹாம் ரேடியோவின் இரண்டாம் நிலை உரிமமான ஜெனரலுக்குத் தேர்வு எழுதப் படிக்கிறவர்கள் ஜி4இ என்ற பிரிவை ஒரு மாலையில் உருப்போட்டு முடித்துவிடுவார்கள். மதிப்பெண் கணக்கில் அது தப்பில்லை. கேள்வி வங்கியில் 35 பிரிவுகள், தேர்வில் 35 கேள்விகள், பிரிவுக்கு ஒன்று. 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. ஜி4இ-யில் ஏழு கேள்விகள் வண்டியில் எச்எஃப் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான) ரேடியோ பொருத்துவது பற்றி, மற்றவை சூரிய மின்சாரம் பற்றி. உங்கள் தாளில் வரப்போவது இவற்றில் ஒன்றே ஒன்று.

ஆனால் ஒரு காரில் எச்எஃப் நிலையத்தைக் கையால் பொருத்திப் பார்த்தால் அந்த ஏழோடு நிற்காது. ஓம் விதியும் டெசிபெலும் வரும் ஜி5, ஆன்டெனா பற்றிய ஜி9, இடையூறு பற்றிய ஜி4சி எல்லாம் அந்த ஒரே வண்டிக்குள் இருக்கின்றன. மனப்பாடம் செய்த விடை தேர்வு முடிந்த வாரத்தோடு போய்விடும். வோல்ட்மீட்டரில் பார்த்த விடை போகாது. இங்கே சொல்லும் பிரிவு எண்கள் 2027 ஜூன் 30 வரை செல்லும் கேள்வி வங்கிக்கானவை.

ஜெனரல் கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். முதல் நிலையான டெக்னீஷியன் உரிமம் இருந்தாலே 10 மீட்டர் பேண்டில் (பேண்டுகளுக்கு அலைநீளத்தால் பெயர்) 28.300 முதல் 28.500 மெகாஹெர்ட்ஸ் வரை 200 வாட்டுக்குள் குரலில் பேசலாம். படிக்கும் மாதங்களிலேயே வயரையும் ஆன்டெனா அடியையும் போட்டு 10 மீட்டரில் சோதித்து வைத்தால், தேர்வு முடிந்த பிறகு காயிலை, அதாவது குட்டை ஆன்டெனாவின் நீளக் குறையை ஈடுகட்டும் கம்பிச் சுருளை, மட்டும் சேர்த்தால் போதும். இந்த வரிசையை மாற்ற வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு, கீழே வருகிறது.

முதலில் மின்சாரம். 100 வாட் எச்எஃப் ரேடியோ பேசும்போது 22, 23 ஆம்பியர் இழுக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃப்யூஸ் பெரும்பாலும் 10 முதல் 20 ஆம்பியர், அதன் பின்னால் போகும் வயரும் மெல்லியது. அதனால்தான் தேர்வின் விடை, நேராகப் பேட்டரியிலிருந்து, தடித்த வயரில், ஃப்யூஸ் வைத்து எடு என்கிறது. எவ்வளவு தடிமன்? பேட்டரியிலிருந்து ரேடியோவுக்கு 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர் செம்பு. 12 கேஜ் வயரில் (எண் குறையக் குறைய வயர் தடிக்கும்) அந்தத் தூரத்துக்கு சுமார் 52 மில்லிஓம். 22 ஆம்பியருக்கு 1.1 வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். 10 கேஜில் 0.7 வோல்ட், 8 கேஜில் 0.45 வோல்ட். இந்த வகை ரேடியோக்கள் பலவற்றுக்கு 13.8 வோல்ட்டிலிருந்து 15 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்று எழுதியிருப்பார்கள். கீழ் எல்லை 11.73. எஞ்சின் அணைத்த நிலையில் பேட்டரி 12.5 காட்டினால், 12 கேஜ் வயரோடு ரேடியோவுக்கு 11.4-தான் கிடைக்கும். பேசும்போது குரல் கரகரக்கும், சில ரேடியோக்கள் அந்த நொடியில் அணைந்து மறுபடி எழும். ரேடியோ கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிப் போகிறவர்கள் முதலில் மீட்டரை ரேடியோவின் பின்பக்க பிளக்கில் வைத்துக்கொண்டு மைக்கில் நீளமாக ஒரு 'ஹலோ' சொல்லிப் பார்க்க வேண்டும். கையில் 10 கேஜ் இருந்தால் போதும்; வாங்கப் போகிறீர்கள் என்றால் 8 வாங்குங்கள்.

ஃப்யூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃப்யூஸ் காப்பாற்றுவது ரேடியோவை அல்ல, வயரை. எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் இடையிலுள்ள தகட்டுத் துளையில் வயர் உரசித் தோல் கிழிந்தால், ஃப்யூஸ் ரேடியோ பக்கம் இருந்து ஒரு பயனும் இல்லை. அதற்கு முன்னாலேயே தீப்பிடிக்கும். அந்தத் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். நெகடிவ் எங்கே போக வேண்டும் என்பது டெக்னீஷியன் தேர்விலேயே வரும் கேள்வி: பேட்டரியின் நெகடிவ் வயர் வண்டியின் உடம்பில் இறங்கும் இடத்தில். புதிய கார்களில் நெகடிவ் முனையின் மேலேயே மின்னோட்டத்தை அளக்கும் ஒரு சிறு சென்சார் உட்கார்ந்திருக்கும். ரேடியோவின் நெகடிவை முனையில் நேராக மாட்டினால் அந்த 22 ஆம்பியர் சென்சாரைச் சுற்றிக்கொண்டு போய்விடும், வண்டியின் கணக்கு தப்பும். உடம்பில் மாட்டினால் சரியாக எண்ணிக்கொள்ளும்.

அடுத்தது ஆன்டெனா. இதில்தான் எல்லாம் இருக்கிறது. வண்டி எச்எஃப் நிலையத்தை அதிகமாகக் கட்டுப்படுத்துவது எது என்ற கேள்விக்குக் குட்டையான ஆன்டெனாவின் திறன் என்பதே விடை. அதை எண்ணில் பாருங்கள். 7.2 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் சுமார் 10 மீட்டர். வண்டியில் நிற்கக்கூடியது 2.4 மீட்டர். அடியில் காயில் போட்ட குட்டை ஆன்டெனாவின் கதிர்வீச்சுத் தடையைத் தோராயமாக இப்படிக் கணக்கிடலாம்: உயரத்தை அலைநீளத்தால் வகுத்து, வர்க்கப்படுத்தி, 395-ஆல் பெருக்க வேண்டும். 40 மீட்டர் பேண்டில் அது 1.3 ஓம். காயிலின் இழப்பும் நிலத்தின் இழப்பும் சேர்ந்து 12 ஓம் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் கொடுக்கும் 100 வாட்டில் வெளியே போவது 10 வாட். மீதி 90 வாட் காயிலையும் மண்ணையும் சூடாக்குகிறது. அதே கம்பி 20 மீட்டர் பேண்டில் 5 ஓம் காட்டும், இழப்பும் குறைவு, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியே போகும். 80 மீட்டர் பேண்டில் 0.4 ஓம். அங்கே இரண்டு மூன்று வாட் போனால் பெரிது. முதல் வண்டி நிலையத்தை 20 மீட்டர் பேண்டுக்கு அமைக்கச் சொல்வது இதனால்தான். 10 வாட்டும் 100 வாட்டும் 10 டெசிபெல் வித்தியாசம், ரேடியோவில் சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் இரண்டு எஸ்-க்கும் குறைவு என்பதை ஜி5 படிக்கும்போதே இங்கே பொருத்திப் பாருங்கள். 40 மீட்டரிலும் ஏன் தொடர்பு கிடைக்கிறது என்று புரியும்.

ஆன்டெனா கேபிளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் (1 என்றால் முழுப் பொருத்தம்) குறைந்தால் ஆன்டெனா நல்லது என்று ஒரு தவறான நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. மேலே சொன்ன 40 மீட்டர் ஆன்டெனா ஒத்திசைவில் நிற்கும்போது அடியில் 13 ஓம்தான் தெரிய வேண்டும். 50 ஓம் கேபிளுக்கு அது 3.8 எஸ்டபிள்யூஆர். ஓம் வித்தியாசத்தைச் சரிக்கட்டும் எந்தப் பொருத்தியும் போடாமலே உங்கள் ஆன்டெனா 1.1 காட்டினால் மகிழ வேண்டாம். 1.3 ஓம் கதிர்வீச்சோடு நாற்பத்துச் சொச்சம் ஓம் இழப்பு சேர்ந்துதான் அந்த 50 வந்திருக்கிறது. நல்ல ஆன்டெனாவுக்குப் பொருத்தி தேவைப்படும். எளிய வழி: ஆன்டெனாவின் அடிக்கும் வண்டி உடம்புக்கும் நடுவில் சுமார் 1 மைக்ரோஹென்றி காயில் ஒன்று. 14 கேஜ் செம்புக் கம்பியை 2.5 சென்டிமீட்டர் குறுக்களவில் ஒன்பது சுற்று சுற்றி, 4 சென்டிமீட்டர் நீளத்துக்கு இழுத்துவிட்டால் அந்த மதிப்பு வரும். மேல் கம்பியைக் கொஞ்சம் குறைத்து, இந்தச் சுற்றுகளை அழுத்தியும் இழுத்தும் சரிசெய்யலாம். ரேடியோ பக்கத்தில் வைக்கும் தானியங்கி டியூனர் ரேடியோவைத்தான் சமாதானப்படுத்தும். காயிலில் போகிற வாட் திரும்பி வராது.

10 மீட்டரில் தொடங்கச் சொன்ன காரணம் இப்போது. 28.4 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளக் கம்பி 2.5 மீட்டர். சிபி ரேடியோவுக்கு விற்கும் 102 அங்குல ஸ்டீல் கம்பியைக் கொஞ்சம் வெட்டினால் காயிலே வேண்டாம். முழுக் கால் அலைக் கம்பி, நல்ல தரையின் மேல், 36 ஓம் பக்கத்தில் காட்ட வேண்டும். ஆன்டெனாவை அளக்கும் அனலைசரில் ரியாக்டன்ஸ் பூஜ்யமாகும் (ஒத்திசையும்) இடத்தில் 46 ஓம் படித்தால், ஏறத்தாழ 10 ஓம் உங்கள் மவுண்டும் (ஆன்டெனாவை வண்டியில் பிடித்து நிறுத்தும் அடி) வண்டி உடம்பும் நிலமும் சேர்ந்து தின்பது. காயில் இல்லாததால் பழியை அதன் மேல் போட முடியாது. மவுண்டைச் சுரண்டி, போல்ட்டை இறுக்கி, பட்டை போட்டு, மறுபடி அளந்து பாருங்கள். எண் இறங்குவது கண்ணெதிரே தெரியும். இதை முடிக்காமல் காயில் வாங்கினால் எது தப்பு என்று கண்டுபிடிக்கவே முடியாது.

மவுண்ட் வண்டியின் இரும்பைத் தொட வேண்டும். காந்த அடி எச்எஃப்-க்கு ஆகாது. அது பெயின்ட்டுக்கு மேல் ஒரு கப்பாசிட்டராகத்தான் உட்கார்ந்திருக்கிறது. 300 பிகோஃபாரட் என்றே வைத்தாலும் 7.2 மெகாஹெர்ட்ஸில் அது 70 ஓமுக்கு மேல் ரியாக்டன்ஸ். திரும்பி வர வேண்டிய மின்னோட்டம் வேறு வழி தேடி, கேபிளின் வெளி உறையில் ஏறி வண்டிக்குள் வரும். மைக்கைத் தொட்டால் சுரீர் என்கும், டேஷ்போர்டு மினுங்கும். டிக்கி ஓரத்தில் கிளாம்ப் போட்டால் அதன் திருகு முனைக்குக் கீழே பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளக்கும் தகட்டைப் பார்க்க வேண்டும். பிறகு துரு ஏறாமல் கிரீஸ் தடவ வேண்டும். டிக்கிக் கதவு தன் கீலால் உடம்போடு சேர்ந்திருக்கிறது என்று நினைக்காதீர்கள். கீலில் கிரீஸும் பெயின்ட்டும் இருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அகலப் பின்னல் பட்டையால் குட்டையாகக் கட்டுங்கள். பானெட்டுக்கும் அப்படியே. சைலன்சர் குழாய் ரப்பரில் தொங்குவதால் தனியாக நின்று எஞ்சினின் மின் இரைச்சலைப் பரப்பும், அதையும் ஓரிரு இடத்தில் உடம்போடு சேர்க்க வேண்டும். கேபிளை ஆன்டெனா அடியிலேயே 31 வகை ஃபெரைட்டில் ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். ஒரே சுற்றாக நாலைந்து ஃபெரைட்டை மாட்டுவதைவிட ஒன்றில் பல சுற்று மேல், ஏனென்றால் தடை சுற்றுகளின் வர்க்கத்தில் ஏறும்.

தொப்பி, குண்டு இரண்டையும் தேர்வில் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கம்பியின் மேல்பாகத்தில் சக்கர ஆரம்போல் விரியும் கப்பாசிட்டன்ஸ் தொப்பி, குட்டை ஆன்டெனாவை மின்சாரக் கணக்கில் நீளமாக்குகிறது. காயிலில் சுற்று குறையும், இழப்பும் குறையும். காயிலுக்கு ஒட்டி வைத்தால் அதன் தரத்தைக் கெடுக்கும், நன்றாக மேலே வையுங்கள். நுனியில் உள்ள சிறு குண்டு கரோனா குண்டு. கூர்மையான நுனியில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறிக் காற்றுக்குள் கசியாமல் தடுப்பது அதன் வேலை. இருட்டில் குண்டில்லாத கம்பி நுனியில் சில சமயம் ஊதா நிறப் பொறி தெரியும். அதை ஒரு முறை பார்த்தவருக்கு இந்த விடை மறக்காது. தொட்டால் சதை வேகும், பக்கத்தில் ஆள் நிற்கும்போது பேச வேண்டாம். குட்டை ஆன்டெனாவின் இன்னொரு குறை அலைவரிசை அகலம். 40 மீட்டரில் சில பத்து கிலோஹெர்ட்ஸ் நகர்ந்தாலே மறுபடி டியூன் செய்ய வேண்டும். மோட்டாரால் காயிலை ஏற்றி இறக்கும் 'ஸ்க்ரூடிரைவர்' ஆன்டெனா வந்ததே இதற்காக. அதன் மோட்டார் வயருக்கும் ஃபெரைட் தேவை.

இனி ரேடியோவில் கேட்கும் இரைச்சல். வண்டியில் அதை உண்டாக்குவது எது என்று தேர்வில் கேட்டால், சார்ஜிங் சிஸ்டம், எரிபொருள் சிஸ்டம், வண்டியின் கணினிகள் எல்லாமே என்பதுதான் விடை. வண்டியில் எது என்று கண்டுபிடிக்க ஒரு வரிசை உண்டு. சாவி இல்லாமல் ரேடியோவை மட்டும் போட்டு எஸ் மீட்டரைக் குறியுங்கள். சாவியை ஒரு கட்டம் திருப்புங்கள். எஞ்சின் ஓடாமலே இரைச்சல் ஏறினால் எரிபொருள் பம்ப் அல்லது கணினி. எஞ்சினைக் கிளப்பி ஆக்ஸிலரேட்டரை மிதியுங்கள். சீழ்க்கை சுருதி ஏறினால் ஆல்டர்னேட்டர், டிக் டிக் வேகமானால் இக்னிஷன். பிறகு ஆன்டெனாக் கேபிளைக் கழற்றுங்கள். இரைச்சல் செத்தால் அது ஆன்டெனா வழியாக வருகிறது, பட்டையும் ஃபெரைட்டும் மருந்து. சாகாவிட்டால் பவர் வயர் வழி. இவ்வளவுக்கும் முன்னால் யுஎஸ்பி சார்ஜரைப் பிடுங்கி எறியுங்கள். பல வண்டிகளில் கதை அங்கேயே முடியும்.

வயர் இழுக்கும்போது முன் கண்ணாடியின் பக்கத் தூணுக்குள் போக வேண்டாம், திரை ஏர்பேக் அங்கே மடிந்திருக்கிறது. ரேடியோ முகப்பும் ஏர்பேக் விரியும் பாதையில் வரக்கூடாது. முதல் முறை பேசும்போது வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, 10 வாட், 50, 100 என்று ஏற்றி எச்சரிக்கை விளக்கு, வைப்பர், கதவுப் பூட்டு எல்லாவற்றையும் கவனியுங்கள். ரேடியோ அலை மனிதர் மேல் படும் அளவை மதிப்பிடும் விதி 2021 மே 3 முதல் வண்டி நிலையங்களுக்கும் பொருந்தும். பின் சீட்டில் பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கும் ஆன்டெனாவுக்கும் உள்ள தூரத்தை அந்தக் கணக்கில் போடுங்கள்.

தேர்வறைக்கு நினைவகம் அழித்த கால்குலேட்டர் கொண்டு போகலாம், கைபேசியைக் கால்குலேட்டராக வைத்துக்கொள்ள முடியாது. மோர்ஸ் 2007-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. தேறியவுடன் கையில் தரும் சான்றிதழ் போதும், உரிமம் தரும் அரசு அமைப்பான எஃப்சிசி-யின் தரவுத்தளத்தில் உங்கள் உரிம நிலை மாறும்வரை காத்திருக்க வேண்டாம். கால்சைனுக்கு (உங்கள் நிலையத்தின் அடையாளப் பெயருக்கு) பின்னால் 'ஏஜி' சேர்த்துச் சொல்லி அன்றே ஜெனரல் பேண்டுகளில் பேசலாம். 20 மீட்டரில் குரலுக்கு 14.225 முதல் 14.350 வரை, 40 மீட்டரில் 7.175 முதல் 7.300 வரை. 10 மீட்டர் பேண்டுக் கம்பியைக் கழற்றி 20 மீட்டர் பேண்டுக் காயிலை மாட்ட ஒரு ஸ்பானர் போதும். அதை டிக்கியில் போட்டுக்கொண்டே தேர்வுக்குப் போங்கள்.