உண்டியலுக்குள் போன டிப்ஸ்

பில் வைத்த உறைக்குள் நான் செருகிய நோட்டைப் பரிமாறியவர் எடுத்துச் சென்று, கல்லாவுக்கு அருகிலிருந்த பொது உண்டியலில் போட்டார்.

நன்றாகக் கவனித்தவருக்கென்று கொடுத்தது எல்லோருக்கும் பிரிகிறதே என்று முதலில் தோன்றினாலும், அடுப்படியில் நிற்பவருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் வேறு எந்த வழியில் அது போய்ச் சேரும் என்று யோசித்தால், உண்டியலே நியாயமாகப் படுகிறது.

முதலாளி அதில் கை வைக்காத வரைக்கும்.

அன்றன்றைக்குக் கையில் சேரும் காசின் அருமையை நான் மறுக்கவில்லை. அதுவே சம்பளத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போதுதான் சிக்கல். அமெரிக்காவில் டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியம் 1991 முதல் மணிக்கு 2.13 டாலராகவே நிற்கிறது. டிப்ஸையும் சேர்த்து, பொதுவான குறைந்தபட்ச ஊதியமான 7.25 டாலர் தேறாவிட்டால்தான் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும். பல மாநிலங்கள் இதைவிடக் கூடுதலாக நிர்ணயித்திருக்கின்றன என்றாலும், அடிப்படைக் கணக்கில் வாடிக்கையாளர் வைக்கும் பணத்தின் முதல் பகுதி முதலாளியின் சுமையைத்தான் குறைக்கிறது.

வரம்பு மீறிப் பேசும் வாடிக்கையாளரிடமும் சிரித்த முகத்தோடு நிற்கவேண்டிய கட்டாயம் வேறு.

சேவைக் கட்டணம் பில்லிலேயே இருந்தால், அது ஊழியருக்குப் போகிறதா என்று கேட்ட பிறகே மேற்கொண்டு வைக்கிறேன்.