எத்தனை சைபர்? ஒரு லா ஃபர்ம் ஸ்காலர்ஷிப் வாங்கிய கதை

2022 ஆகஸ்டில் ஒரு மத்தியானம், சாத்தூர் பக்கம் எங்கள் ஊர் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றை பிரிண்ட் எடுத்து வாங்கிப் பார்த்தால், ஆண்டு வருமானம் ரூ.7,20,000 என்று இருக்கிறது. இருக்க வேண்டியது 72,000. ஒரு சைபர் கூடுதல். அம்மாவிடம் காட்டினேன். "பரவாயில்லத்தா, கூடத்தானே போட்டிருக்கான்" என்றாள். ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் பதினேழு நாளில். நான் சிரிக்கும் நிலையில் இல்லை.

முதல் வருஷக் கட்டணத்தை அம்மாவின் நகையும் பெரியம்மாவின் சீட்டுப் பணமும் கட்டின. திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் விடுதியோடு சேர்த்து ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகும். அந்த மாதிரி கல்லூரிக்கு கிளாட் என்ற சட்ட நுழைவுத் தேர்வு எழுதித்தான் போக வேண்டும். நான் எழுதிய 2021-இல் இரண்டு மணி நேரத்தில் 150 கேள்வி, அத்தனையும் ஆங்கிலத்தில் பத்தி பத்தியாக. விண்ணப்பக் கட்டணமே எங்களுக்கு 4,000 ரூபாய். இடம் கிடைத்துவிட்டது என்று ஊரே சந்தோஷப்பட்டது. இரண்டாம் வருஷத்துக்குக் கட்ட எதுவும் இல்லை என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். 2022 செப்டம்பரில் வந்த அரசின் 'புதுமைப் பெண்' திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் சாப்பாட்டு மெஸ்ஸுக்கே சரியாகப் போனது.

லா ஃபர்ம்கள், அதாவது வக்கீல்கள் சேர்ந்து நடத்தும் நிறுவனங்கள், ஸ்காலர்ஷிப் கொடுக்கின்றன என்று விடுதியில் ஒரு சீனியர் அக்கா சொல்லித்தான் தெரியும். அந்த அக்கா ஐ.டி.ஐ.ஏ. மூலம் வந்தவர். பேராசிரியர் ஷம்னாத் பஷீர் 2010-இல் தொடங்கிய அமைப்பு அது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து கிளாட்டுக்குத் தயார் செய்து, சேர்ந்த பிறகும் கூடவே நிற்கும். எனக்கு அது முன்னாடியே தெரியாமல் போனதில் இன்றும் வருத்தம்தான்.

இந்த உதவிகள் ஏன் இப்படி ஒளிந்து கிடக்கின்றன என்று அப்போது யோசித்தேன். பெரிய கம்பெனிகளுக்குக் கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135 இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடியோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர லாபம் 5 கோடியோ தாண்டினால், முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவழித்தாக வேண்டும். லா ஃபர்ம்கள் கம்பெனியே இல்லை. பார்ட்னர்ஷிப் அல்லது எல்எல்பி (பொறுப்புக்கு வரம்புள்ள பார்ட்னர்ஷிப்). அதனால் இந்தக் கட்டாயம் அவர்களுக்குக் கிடையாது, செய்வதெல்லாம் அவர்களாக விரும்பிச் செய்வது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கிற மாதிரி பட்டியல் எதுவும் என் கண்ணில் படவில்லை. போதாததற்கு, பார் கவுன்சில் விதி 36 வக்கீல்கள் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. 2008-இல்தான் இணையதளம் வைத்துக்கொள்ளவே இடம் கொடுத்தார்கள். லா ஃபர்ம் தளத்தைத் திறந்தால் முதலில் ஒரு பெட்டி குதிக்கும், பார்த்திருப்பீர்கள்: 'யாரும் என்னை அழைக்கவில்லை, நானாகவே வந்தேன், ஒப்புக்கொள்கிறேன்.' உதவி கேட்டு வருகிறவளிடமும் அதையேதான் கேட்கிறது. முதல் தடவை அதை அமுக்கும்போது கொஞ்சம் கோபம் வந்தது.

நான் விண்ணப்பித்தது சென்னையில் கிளை வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் 'டைவர்சிட்டி' (பன்முகத்தன்மை) திட்டம். முதல் தலைமுறை மாணவர்களுக்குக் கட்டணத்தின் பெரும்பகுதி, ஒரு லேப்டாப், வழிகாட்ட ஒரு வக்கீல், நாலு வார இன்டர்ன்ஷிப். கேட்டவை: வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, மதிப்பெண் பட்டியல், இரண்டு கட்டுரைகள்.

சான்றிதழ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அச்சான சான்றில் கை வைக்க முடியாது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். திரும்ப அறுபது ரூபாய், திரும்ப விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் ஆபீஸ். விஏஓ சார் நல்ல மனுஷர். ஆனால் அந்த வாரம் பட்டா முகாம், ஆளைப் பிடிக்க முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் கைக்கு வந்தது. யாராவது விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். வருமானச் சான்று ஓராண்டு செல்லும், ஜூனிலேயே எடுத்து வையுங்கள்.

அடுத்த வில்லங்கம் பெயர். விண்ணப்பப் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். எனக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். இனிஷியலைக் கடைசிப் பெயராகப் போட்டால், 'குறைந்தது இரண்டு எழுத்து தேவை' என்று சிவப்பில் வருகிறது. சரியென்று அப்பா பெயரை முழுசாகப் போட்டேன், ஏற்றுக்கொண்டது. ஆதாரில் இனிஷியல் பின்னால், பேங்க் பாஸ்புக்கில் முன்னால், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் புள்ளியோடு, படிவத்தில் அப்பாவின் முழுப் பெயர். ஆக நான் நாலு பேர். பின்னால் பணம் போடும் நேரத்தில் இது பெரிய தலைவலியாகி, நாலும் நானே என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கிக் கொடுத்தேன். பன்முகத்தன்மைக்காகவே செய்த படிவம், தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குக் கடைசிப் பெயர் கிடையாது என்று அதற்குத் தெரியவில்லை. இதை அவர்களுக்கு மெயிலில் எழுதினேன். அடுத்த வருஷப் படிவத்தில் 'முழுப் பெயர்' என்று ஒரே கட்டம்தான் இருந்தது.

ஆனால் நிஜமாகவே கஷ்டப்பட்டது கட்டுரையில். 'நீங்கள் கடந்து வந்த தடைகளை எழுதுங்கள்', 600 வார்த்தை. நான் ஒரே ராத்திரியில் எழுதித் தள்ளினேன். அப்பா இறந்தது, மழைக்கு ஒழுகும் வீடு, தெருவிளக்கில் படித்தது. எங்கள் தெருவில் விளக்கு எரிந்ததே இல்லை என்பது வேறு விஷயம். சீனியர் அக்காவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "இதுல உங்கம்மா எங்க?" என்று கேட்டார்.

"ரெண்டாவது பத்தியில இருக்காங்கக்கா. அழறாங்க."

"அழறது தெரியுது. என்ன வேல பாக்குறாங்க? நாளைக்கு எவ்வளவு வரும்? அத எழுது. அழுக எல்லாரும் எழுதுவாங்க."

அம்மாவுக்குப் போன் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். தீப்பெட்டி ஆபீஸில் (எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு அப்படித்தான் பேர்) பெட்டி அடைக்கிற வேலை. இருபது வருஷமாகப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், கணக்கு கேட்டதில்லை. ஒரு பண்டலுக்கு 600 தீப்பெட்டி. எத்தனை பெட்டி அடைத்தால் எவ்வளவு கூலி, மழைக்காலத்தில் குச்சி காயாமல் எத்தனை நாள் வேலை போகும், எல்லாம் சொன்னாள். நல்ல நாளில் 250 ரூபாய். மாதத்தில் 24 நாள் கிடைத்தால் 6,000. அதை 12-ஆல் பெருக்கினால் 72,000. சான்றில் சைபர் தவறிய அதே எண். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "நம்ம வீட்டுக் கதய எதுக்குத்தா ஊரு பேரு தெரியாதவங்ககிட்ட சொல்லணும்?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. கணக்கைத்தான் சொல்கிறேன் என்று சமாளித்தேன்.

அந்தக் கணக்கிலிருந்தே கட்டுரை நகர்ந்தது. 2021 டிசம்பர் 1 முதல் ஒரு ரூபாய் தீப்பெட்டி இரண்டு ரூபாய் ஆனது. பதினாலு வருஷம் கழித்து ஏறிய விலை. மூலப்பொருள் விலையெல்லாம் ஏறிவிட்டது என்று காரணம் சொன்னார்கள், அதுவும் உண்மைதான். கடையில் விலை இரட்டிப்பானது, அம்மாவின் கூலி இரட்டிப்பாகவில்லை. அதற்கு முன்னால் வரியைப் பார்த்தால், 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது கையால் செய்யும் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், இயந்திரத்தில் செய்வதற்கு 18. 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் சேர்த்து 12 ஆக்கினார்கள். இயந்திரத்துக்கு ஆறு குறைந்தது, அம்மா மாதிரி ஆட்களை வைத்துக் கையால் செய்யும் ஆபீஸுக்கு ஏழு கூடியது. ஒழுகும் வீட்டை வெட்டிவிட்டு இதை எழுதினேன். தெருவிளக்கையும்தான்.

இன்டர்வியூ ஆன்லைனில், நவம்பரில். விடுதியில் நெட் போய்ப் போய் வரும் என்று நூலகத்துக் குழு அறையைக் கேட்டு வாங்கி, போனில் ஹாட்ஸ்பாட்டும் தயாராக வைத்துக்கொண்டேன். மூன்று பேர்: ஒரு பார்ட்னர், எச்ஆரிலிருந்து ஒரு மேடம், இதே ஸ்காலர்ஷிப் வாங்கி இப்போது அங்கேயே வேலை செய்கிறவர் ஒருத்தர். அம்பேத்கர், சமூக நீதி, ஏன் சட்டம் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒன்றையும் கேட்கவில்லை. அந்த பார்ட்னர் வரி வழக்கு பார்ப்பவராம். "5 சதவீத வரி இருந்தப்போ உங்க ஊர் ஆபீஸ் உள்ளீட்டு வரிய, அதாவது மூலப்பொருள் வாங்கும்போது கட்டின வரிய, திரும்ப எடுத்துச்சா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "தெரியாதுன்னு சொன்னது நல்லது" என்று சொல்லிவிட்டு அவரே ஐந்து நிமிஷம் விளக்கினார். அடுத்து ஒரு வாடகை ஒப்பந்தத்தின் ஒரு பத்தியைத் திரையில் காட்டி, இதில் வீட்டுக்காரருக்குச் சாதகமாக என்ன இருக்கிறது என்றார்கள். பாதியில் என் ஆங்கிலம் தடுக்கியபோது அந்த ஜூனியர், "தமிழ்லயே சொல்லுங்க, நான் அவங்களுக்குச் சொல்றேன்" என்றார். சொன்னேன். அது அவர்கள் செய்த நல்ல காரியம், மறுப்பதற்கில்லை.

டிசம்பர் கடைசியில் கடிதம் வந்தது. கூடவே ஒன்பது பக்க ஒப்பந்தம். சட்டம் படிக்கிறவள், ஒரு வரி விடாமல் படித்தேன். ஏழாம் பக்கத்தில் இருந்தது: பயனாளி மற்றும் குடும்பத்தினரின் புகைப்படங்களை, வீடு, பணியிடம் உட்பட, ஆண்டறிக்கையிலும் பிற வெளியீடுகளிலும் பயன்படுத்தச் சம்மதம்.

இரண்டு நாள் அதை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தீப்பெட்டி ஆபீஸில், கையில் மருந்துக் கறையோடு அம்மா நிற்க, கீழே 'எங்கள் ஸ்காலரின் தாய்' என்று ஒரு வரி. அது ஏதோ ஒரு கிளையண்டின் மேஜையில் பளபளப்புத் தாளில் கிடப்பது கண்ணிலேயே நின்றது. கணக்கைச் சொன்னதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அக்கா, "கேட்டுப் பாரு, போனா போகட்டும்னு நினைச்சுக்கிட்டு கேளு" என்றார். போனால் போகட்டும் என்று நினைக்கிற வசதி எனக்கு இல்லை. ஆனாலும் எழுதினேன்: என் படம் சரி, அம்மாவின் படமும் பணியிடமும் வேண்டாம், அந்த வரியை நீக்கினால் கையெழுத்துப் போடுகிறேன். நாலு நாள் பதில் இல்லை. அந்த நாலு நாளும் நான் சாப்பிட்ட லட்சணத்தை மெஸ் அண்ணனிடம்தான் கேட்க வேண்டும். ஐந்தாம் நாள் எச்ஆர் மேடத்திடமிருந்து திருத்திய ஒப்பந்தம் வந்தது. எனக்கு மட்டுமல்ல, அந்த வருஷம் தேர்வான எல்லாருக்குமே அந்த வரியை எடுத்துவிட்டிருந்தார்கள்.

இன்டர்ன்ஷிப் பற்றி எழுதினால் நீளும். ஒரே ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். நிறுவனத்தின் இலவச சட்ட உதவிக் குழுவோடு ஒரு முகாமுக்குப் போனோம். பதிவு மேஜையில் என்னை உட்கார வைத்தார்கள். ஐம்பது வயசு அக்கா ஒருத்தர், புருஷன் வீட்டை விட்டுத் துரத்திவிட்டதாக வந்தார். மஞ்சள் பைக்குள் ரேஷன் கார்டு, வருமானச் சான்று, அதன் ஜெராக்ஸ், ஜெராக்ஸுக்கும் ஒரு ஜெராக்ஸ். மேஜைக்குக் கொடுத்திருந்த படிவத்திலும் 'வருமானச் சான்று இணைக்கப்பட்டதா' என்று ஒரு கட்டம். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987, பிரிவு 12-இன்படி பெண்ணாக இருந்தாலே இலவச சட்ட உதவிக்கு உரிமை உண்டு, வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. அதை எனக்கு மேலே இருந்த வக்கீல் சாரிடம் சொன்னேன். ஃபோனில் சட்டத்தைத் திறந்து பார்த்தவர், ஒவ்வொரு படிவத்திலும் அந்தக் கட்டத்தைப் பேனாவால் அடிக்க ஆரம்பித்தார். மதியம் வரை நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து அடித்தோம். அந்த அக்கா மட்டும் சான்றைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். "வச்சுக்கம்மா, அறுபது ரூவா கொடுத்து எடுத்தது" என்றார்.

இப்போது ஐந்தாம் வருஷம். ஸ்காலர்ஷிப்பை ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க மதிப்பெண்ணும் வருமானச் சான்றும் அனுப்ப வேண்டும். போன ஜூனில் ஊருக்குப் போனபோது இ-சேவை மையத்து அண்ணன் என்னைப் பார்த்ததுமே கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "எத்தன சைபர், அத மொதல்ல சொல்லு" என்றார். மூன்று என்றேன். திரையை என் பக்கம் திருப்பி, நான் எண்ணிப் பார்த்துச் சரியென்ற பிறகுதான் என்டர் தட்டினார்.