அபிகெய்ல் ஆடம்ஸ் வீட்டுப் பெண்கள்: தேர்வுக்கு நான் படித்த விதம்

எம்.ஏ. வரலாற்றில் அமெரிக்க வரலாற்றுத் தாள் எழுதப் போகிறவர்கள், புரட்சிக் காலப் பெண்களின் நிலை பற்றிய கேள்விக்குத் தயாராக இருப்பது நல்லது. பெரும்பாலானோர் எழுதுவது ஒரே ஒரு கடிதத்தைத்தான். 1776 மார்ச் 31 அன்று அபிகெய்ல் ஆடம்ஸ், பிலடெல்பியாவில் குடியேற்றங்களின் காங்கிரஸில் உறுப்பினராக இருந்த கணவர் ஜான் ஆடம்ஸுக்கு (பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது அதிபர்) எழுதியது: புதுச் சட்டம் இயற்றும்போது பெண்களை மறந்துவிடாதீர்கள், கணவன்மார் கையில் வரம்பில்லாத அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள். ஏப்ரல் 14 அன்று ஜான் அதைச் சிரித்துத் தள்ளிவிட்டுப் பதில் போட்டார். ஏப்ரல் 27 அன்று அபிகெய்ல் தோழி மெர்சி ஓடிஸ் வாரனுக்கு எழுதி அங்கலாய்த்தார். மூன்றையும் சேர்த்து எழுதினாலே விடைக்குக் கனம் கூடும். அவர் வாக்குரிமைக்குப் போராடினார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது மிகை.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது இந்தக் கடிதமல்ல, சொத்து விவகாரம். அன்றைய ஆங்கிலேயப் பொதுச் சட்டப்படி, கல்யாணமான பெண்ணின் அசையும் சொத்தெல்லாம் கணவனுக்கு. அவன் சம்மதம் இல்லாமல் அவள் உயில்கூட எழுத முடியாது. இதை முதலில் படித்துக்கொண்டு அபிகெய்லின் வாழ்க்கைக்கு வாருங்கள். 1778-இல் ஜான் பிரான்சுக்குப் போனார். மாசசூசெட்ஸில் பிரெயின்ட்ரீ ஊரில் இருந்த குடும்பப் பண்ணையை அபிகெய்ல் பார்த்துக்கொண்டார். கணவர் ஐரோப்பாவிலிருந்து அனுப்பிய துணிமணிகளை உறவினர் மூலம் விற்றார். ஜானுக்கு நிலத்தின் மேல்தான் ஆசை, அபிகெய்லுக்கோ அரசுக் கடன் பத்திரங்கள். லாபக் கணக்குப் பார்த்தால் மனைவி சொன்னதே சரி!

1816-இல் அவர் உயில் எழுதினார். சட்டப்படி அவருக்கென்று சொத்தே கிடையாது. ஆனாலும் பணம், நகை, உடைகளை எழுதி வைத்தார், அதுவும் பெரும்பாலும் பேத்திகள், மருமகள்கள், உறவுப் பெண்கள், வேலைக்காரப் பெண்களுக்கு. 1818-இல் அவர் இறந்தபின் ஜான் அதை அப்படியே மதித்தார். திருமணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம் நியூயார்க்கில் வந்ததே 1848-இல்தான். கடிதத்தில் கேட்டுக் கிடைக்காததை வீட்டுக்குள் தானே நடத்திக்காட்டினார் என்று எழுதலாம். இதுதான் என் விடையின் நடுப்பகுதியாக இருந்தது.

மகள் நேபியை ஒரு பத்தியில் முடிக்கலாம். 1811-இல் மயக்க மருந்து இல்லாத காலத்தில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார், 1813-இல் இறந்தார். அந்தக் கால மருத்துவம் பற்றிக் கேள்வி வந்தாலும் இது உதவும். லண்டனில் பிறந்த மருமகள் லூயிசா (மகன் ஜான் குவின்சி ஆடம்ஸின் மனைவி), 1815 குளிர்காலத்தில் ஏழு வயது மகனுடன் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பாரிஸ் வரை குதிரை வண்டியில் போனார். நாடுகடத்தப்பட்டிருந்த நெப்போலியன் எல்பா தீவிலிருந்து பிரான்சுக்குத் திரும்பிய நேரம் அது. ஐரோப்பிய வரலாற்றுத் தாளோடு தேதிகளைப் பொருத்திக்கொள்ளலாம்.

அப்புறம், மூலக் கடிதங்களைத் தவறாமல் படியுங்கள். மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகம் ஜான், அபிகெய்ல் இருவரின் 1,100-க்கும் மேற்பட்ட கடிதங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பள்ளிக்கே போகாதவர் அபிகெய்ல், எழுத்துக்கூட்டல் அவர் இஷ்டத்துக்கு இருக்கும். வாய்விட்டுப் படித்தால் பிடிபடும். ஜான் எந்த ஊரில் இருந்தபோது வந்த கடிதம் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள்.