பைய இறங்குற மருந்து

ஜூலை 3, வியாழன்

அப்பாவுக்கு மைலோமா திரும்பிருச்சுன்னு டாக்டர் சொல்லி பத்து நாளாச்சு. மூணு வருஷம் முந்தி முதுகுவலின்னு தைலம் தேச்சுக்கிட்டே கெடந்து, முதுகெலும்பு நொறுங்கின பின்னாடிதான் அது ரத்தப் புத்துநோய்னே தெரிஞ்சது. இப்ப டாராட்டுமுமாப்னு ஒரு மருந்து போடணுமாம், வார்டுல எல்லாரும் சுருக்கமா டாரான்னுதான் சொல்றாக. கீமோ வகை இல்லை, மைலோமா செல்லுக மேல சிடி38னு ஒரு புரதம் நெறைய இருக்கும், அதைத் தேடிப் பிடிக்கிற ஆன்டிபாடி. முடி கொட்டுமான்னு அப்பா ரொம்பக் கவலையா கேட்டாரு, இருக்கிறதே நாலு முடி.

இன்னைக்கு ரத்தம் மட்டும் எடுத்தாங்க. மஞ்சக்காமாலை பி வைரஸ் இருக்கான்னு ஒரு டெஸ்ட், ஏன்னா உள்ள அது அடங்கிக் கெடந்தா இந்த மருந்துல திரும்பக் கெளம்பிரலாம். அப்புறம் பிளட் குரூப்பு, அதுல உட்பிரிவு வரைக்கும். ஓ பாசிட்டிவ்னு எங்களுக்குத் தெரியுமே சார்னு சொன்னேன். தெரிஞ்சாலும் மருந்து போடுறதுக்கு முன்னாடி இதை எடுத்தே ஆகணும்மான்னு சொல்லி கையில ஒரு அட்டையும் குடுத்தாரு. ஏன்னு அப்ப நான் கேக்கல.

ஜூலை 8, செவ்வாய்

காலைல அஞ்சரைக்கு உசிலம்பட்டில இருந்து மதுரைக்குக் கெளம்புனோம். தம்பி மடியில ஐஸ் பெட்டி. மருந்து 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், ஆனா உறையக் கூடாது, குலுக்கவும் கூடாது, அதனால செக்கானூரணி வர்ற வரைக்கும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைவர் அண்ணன்கிட்ட பைய பையன்னு கெஞ்சிக்கிட்டே வந்தான். கிலோவுக்கு 16 மில்லிகிராம் கணக்கு, அப்பா எடை 62, அதாவது 992. 400 பாட்டில் ரெண்டு, 100 பாட்டில் ரெண்டு. விலையை இங்க எழுத மனசு வரல.

மருந்து ஒத்துக்காமப் போயிரக் கூடாதுன்னு மொதல்ல ஸ்டீராய்டு, பாரசிட்டமால், அவில் ஊசி, மான்டெலுகாஸ்ட் மாத்திரை. அப்புறம்தான் டிரிப். மொத தடவை ஒரு லிட்டர் பை, முதல் மணி நேரம் 50 மில்லி, அடுத்த மணிக்கு 100, அப்புறம் 150, அப்புறம் 200, அதுக்கு மேல ஏத்த மாட்டாங்க, ஒரு தடங்கலும் இல்லாட்டியே ஆறரை மணி நேரம். "என்னத்தா, மோட்டார் ஓடுது தண்ணியக் காணோம்"னு அப்பா பம்பைப் பாத்துக்கிட்டே இருந்தாரு.

முக்கா மணி நேரத்துல தொண்டையச் செருமுனாரு. கேட்டா ஒண்ணுமில்லங்குறாரு. மறுபடி செருமல், மூக்கை உறிஞ்சுறது, அப்புறம் தொடர்ந்து இருமல், தொண்டைல உமி ஒட்டுன மாதிரி இருக்குத்தான்னு அப்பத்தான் வாயத் தொறந்தாரு. சிஸ்டர் ஓடிவந்து டிரிப்பை நிறுத்திட்டாங்க. இன்னொரு ஊசி, அடங்குற வரைக்கும் காத்திருந்து பாதி வேகத்துல திரும்ப ஆரம்பிச்சாங்க. பாதிப்பேருக்கு இப்படி வருமாம், அதுவும் பெரும்பாலும் மொத தடவைதான். "மூக்கடைச்சாலும் சொல்லுங்கய்யா, குளிர் எடுத்தாலும் அரிச்சாலும் மூச்சு இழுத்தாலும் உடனே சொல்லுங்க, இங்க யாருக்கும் வீரம் காட்ட வேண்டாம்"னு சிஸ்டர் ஒரு சத்தம் போட்டாங்க. ஜல்லிக்கட்டு மாட்டைப் பிடிச்ச மனுசன் சின்னப்புள்ளயாட்டம் தலையாட்டுனாரு. முடியும்போது சாயங்காலம் ஆறரை.

ஜூலை 9, புதன், ராத்திரி 2 மணி

ஸ்டீராய்டு வேலை. அப்பா தூங்கல, அதனால யாரும் தூங்கல. பம்புசெட்டு, 1993 மழை, பெரியப்பா கூட நடந்த வரப்புத் தகராறு எல்லாம் ஓடிக்கிட்டிருக்கு. சுகர் 342. சக்கரை வியாதி உள்ளவங்களுக்கு டாரா போடுற அன்னைக்கும் மறுநாளும் சுகர் ஏறும், இன்சுலின் கணக்கை முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு வச்சிருக்கணும். நாங்க கேக்கல.

ஜூலை 22, செவ்வாய்

மூணாவது டிரிப். இருமல் இல்லை ஒண்ணும் இல்லை. ரெண்டாவதுக்கு நாலு மணி நேரம், இன்னைக்கு மூணேகால். அக்கி வராம இருக்க அசைக்ளோவிர் மாத்திரை தினமும் உண்டு, டாரா முடிஞ்சும் மூணு மாசம் தொடரணும். கோயில் கூழு வேணும்னு அடம். வீட்டுல காச்சித் தர்றேன்னேன், ஆடி மாசத்துக் கூட்டத்துல எவன் தும்முவான்னு யாருக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேத்து நடந்ததை எழுதணும், கை இன்னும் நடுங்குது. காலைல எந்திரிச்சவரு தலை சுத்துதுன்னு திண்ணைலயே உக்காந்துட்டாரு. பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஹீமோகுளோபின் 6.4. ரத்தம் ஏத்தணும். ஓ பாசிட்டிவ் தானே, சித்தப்பா பயலுக நாலுபேரு வரிசையா நிக்கிறாங்க. ஒரு மணி நேரம் கழிச்சு ரத்த வங்கில இருந்து சேதி, மேட்ச் ஆகல. இன்னொரு பாட்டில், அதுவும் ஆகல. மூணாவதும் ஆகல. உங்க அப்பா ரத்தத்துல என்னமோ இருக்கும்மா, யாரோடயும் சேரமாட்டேங்குதுன்னு சொன்னாரு அந்த டெக்னீசியன், அம்மா அங்கயே தரையில உக்காந்துட்டாங்க.

அப்பத்தான் எனக்கு மொத நாள் குடுத்த அட்டை ஞாபகம் வந்துச்சு. எங்க இருக்கு? பீரோவுல, பட்டுச்சேலைக்கு அடியில, பத்திரமா!

தம்பி பைக்குல போய் எடுத்துட்டு வந்தான். மதுரை டாக்டருக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சேன். அவரு சொன்னது எனக்குப் புரிஞ்ச வரைக்கும் இதுதான். அந்த சிடி38 சிவப்பணு மேலயும் கொஞ்சூண்டு இருக்கு. அப்பா ரத்தத்துல சுத்திக்கிட்டிருக்கிற டாரா, மேட்ச் பாக்கக் கொண்டுவர்ற எவன் ரத்தமா இருந்தாலும் அதுல போய் ஒட்டிக்குது, அதனால மேட்ச் பாக்குற இண்டைரக்ட் கூம்ப்ஸ் டெஸ்ட்டு எப்பவும் பாசிட்டிவ்னே, அதாவது சேராதுன்னே காட்டும். குரூப்பு மாறல, ஓ ஓதான், பாசிட்டிவ் பாசிட்டிவ்தான். டைதயோத்ரைட்டால், சுருக்கமா டிடிடின்னு ஒரு ரசாயனத்தால (பூச்சி மருந்து இல்லை) அணுக்களைக் கழுவிட்டு டெஸ்ட் பண்ணா சரியா வரும். அது சிவப்பணு மேல இருக்கிற கெல்னு இன்னொரு ரத்தவகை அடையாளத்தையும் அழிச்சுரும்கிறதால கெல் நெகட்டிவ் ரத்தமாக் குடுப்பாங்க. உசுருக்கே ஆபத்துன்னா மேட்ச் பாக்காமலே அதே குரூப்பைக் குடுக்கவும் வழி இருக்காம். மொத நாள் எடுத்த உட்பிரிவு ரிசல்ட்டு எதுக்குன்னு நேத்துதான் வெளங்குச்சு, டாரா உள்ள போன பின்னாடி அதை எடுக்குறது பெரும்பாடு.

கடைசில ராத்திரி பதினொண்ணுக்கு மதுரையில இருந்து ரத்தம் வந்துச்சு. அந்த ரத்த வங்கிக்காரங்க மேல கோவம் இல்லை, அவங்க சேராத ரத்தத்தைக் குடுக்காம நிறுத்துனதுதான் சரி. அட்டையை பீரோவுல பூட்டுனது நானு. கடைசி டோஸுக்கு அப்புறமும் ஆறு மாசம் வரைக்கும் இந்தக் குழப்பம் இருக்கும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அட்டையை லேமினேட் பண்ணி நாலு ஜெராக்ஸ் எடுத்தாச்சு, அப்பா சட்டைப்பை, அம்மா பர்ஸ், தம்பி பைக், என் போன்ல போட்டோ. இதென்ன ரேஷன் கார்டான்னு கேட்டாரு. ஆமாப்பா, இதக் காட்டாம ரத்தம் குடுக்க மாட்டாகன்னேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வாரம் ஒண்ணுன்னு எட்டு முடிஞ்சது, இனி ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு, 24 வாரத்துக்கு அப்புறம் நாலு வாரத்துக்கு ஒண்ணு. மைலோமா செல்லுக விடுற ‘எம் (M) புரதம்’ நல்லா எறங்கிருக்கு, டெஸ்ட்டுல மிச்சம் ஒரு மெல்லிசுக் கோடு. அந்தக் கோடு டாராவாவே இருக்கலாம்னாரு டாக்டர், அதுவும் ஐஜிஜி கப்பாங்கிற ஆன்டிபாடி வகை, அப்பா நோயும் அதே வகை, டெஸ்ட்டுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால ரிப்போர்ட்டை நாமளே நெட்டுல பாத்து அழக்கூடாது. நான் ஏற்கனவே அழுதுட்டேன்.

பக்கத்துச் சேருல மேலூர்க்காரம்மா ஒருத்தங்க, மொத டிரிப். வயித்துத் தோலுக்கடியில போடுற ஊசியாவே இந்த மருந்து இருக்காமே, அஞ்சே நிமிசமாமேன்னு கேட்டாங்க. இருக்கு, அமெரிக்காவுல 2020லயே அனுமதி குடுத்தாச்சு, ஆனா ரத்தம் மேட்ச் பாக்குற பிரச்சனை அதுலயும் உண்டுன்னு சொல்லி அட்டை எங்க வச்சிருக்கீங்கன்னு கேட்டேன். எந்த அட்டைன்னாங்க. சிஸ்டரைக் கூப்பிட்டேன்.

அப்பா குறட்டை. அடுத்தது 23ஆம் தேதி. அதுக்குள்ள வேற ஐஸ் பெட்டி வாங்கணும், பழசுல மூடி ஒடஞ்சு போச்சு.