நான் அனுப்புன வீடியோவும் சித்தப்பாவோட நாத்தங்காலும்

2024 ஜூன்ல நடந்தது இது. எழுதணும் எழுதணும்னு நெனச்சு வெக்கத்துல தள்ளிப்போட்டுக்கிட்டே வந்தேன்.

மேட்டூர் 16 கண் மதகுல தண்ணி வெள்ளையா பொங்கி விழுற வீடியோ ஒண்ணு ஃபோனுக்கு வந்துச்சு, கீழ "இன்று மேட்டூர் அணை திறப்பு, டெல்டா விவசாயிகள் மகிழ்ச்சி"ன்னு போட்டிருந்துச்சு. நான் தஞ்சாவூர்ல டீ குடிச்சிக்கிட்டே ஒரு நிமிஷம்கூட யோசிக்காம குடும்ப குரூப்ல தட்டிவிட்டேன். எங்க ஊரு திருத்துறைப்பூண்டி பக்கம், ஆத்துத்தண்ணி கடைசியா வந்து சேருற கடைமடை. போர் போட்டா உப்புத்தண்ணிதான், ஆத்துல வந்தாதான் வெள்ளாமை. ஜூன் 12ன்னா மேட்டூர் திறப்புங்கறது எங்க ஊர்ல பொங்கல் தீபாவளி மாதிரி மனசுல பதிஞ்ச தேதி. அந்த தேதிய ஒட்டி வந்ததால யாருக்கும் சந்தேகமே வரல, எனக்கும்தான்.

சித்தப்பா அன்னைக்கு சாயங்காலமே கோ 51 நெல்லு விதைய ஊறப்போட்டுட்டாரு. குட்டையில கொஞ்சம் தண்ணி கெடந்துச்சு, அத இஞ்சின் வச்சு எறச்சு நாத்து விட்டா இருபத்தஞ்சு நாள்ல நடவுக்கு ஆத்துத்தண்ணி வந்துரும்னு கணக்கு. கணக்கு சரியான கணக்குதான், வீடியோதான் தப்பு. ரெண்டு நாள்ல விஷயம் தெரிஞ்சுபோச்சு, ஆனா வெதச்சது வெதச்சதுதானே, எப்படியும் ஆனி கடைசிக்குள்ள திறந்துருவாங்கன்னு உக்காந்திருந்தாரு. அந்த வருஷம் மேட்டூர் திறந்தது ஜூலை 28. அதுக்குள்ள குட்டை வத்தி, நாத்து முத்தி, நுனியெல்லாம் மஞ்சளடிச்சுப்போயி, கடைசில மாட்டுக்கு அறுத்துப் போட்டாங்க.

திட்டிருந்தா பரவால்ல. "நீ அனுப்புனியேன்னுதான்டா தம்பி ஊறப்போட்டேன்" அப்படின்னாரு, அவ்ளோதான். அவரு அந்த வீடியோவ நம்பல பாருங்க, என்னைய நம்பிருக்காரு. படிச்ச புள்ள, டவுன்ல இருக்கான், பாத்துட்டுத்தான் அனுப்புவான்னு. நான் பாக்கவே இல்ல.

பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், அதுதான் இன்னும் வயித்தெரிச்சல். 16 கண் மதகு உபரிநீருக்கு கட்டுனது, அணை நெறஞ்சு வழியற நெலமைக்கு வந்தாதான் அதத் தூக்குவாங்க. பாசனத்துக்கு விடுற தண்ணி மேல்மட்ட மதகு, பவர்ஹவுஸ் வழியா போற தண்ணி. அணையோட முழு மட்டம் 120 அடி, அந்த ஜூன்ல அதுல பாதி கூட கிடையாது. அப்பறம் எப்படி 16 கண்ல தண்ணி கொட்டும்? ஏதோ வெள்ள வருஷத்து வீடியோ. தேதிய மட்டும் புதுசா ஒட்டி விட்டிருக்கானுங்க.

அதுக்கப்பறம் எனக்கு ஒரு கிறுக்கு புடிச்சுக்கிச்சு, எது வந்தாலும் மொதல்ல அலகப் பாக்குறது. ஜூலை கடைசில கர்நாடகாவுலேருந்து வெள்ளம் வந்தப்ப ஒருத்தரு "மேட்டூருக்கு ஒன்றரை லட்சம் டிஎம்சி வருது"ன்னு போட்டாரு. அணையோட மொத்த கொள்ளளவே 93.47 டிஎம்சி சாமி! கன அடிங்கறது நொடிக்கு எவ்ளோ வருதுங்கற கணக்கு, டிஎம்சிங்கறது மொத்தம் எவ்ளோ தண்ணிங்கறது, ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி. ஒரு லட்சம் கன அடி ஒரு நாள் பூரா விடாம வந்தாதான் எட்டரை டிஎம்சி சொச்சம் சேரும். இது ரெண்டையும் கொழப்புறவரு சொல்ற மத்த சேதியையும் நான் பாதிக்குப் பாதிதான் எடுத்துக்குறது.

அதுக்காக எதையுமே நம்பாம இருக்கறதும் ஆபத்துதான், எங்கப்பாவக் கேளுங்க. 2018 நவம்பர்ல கஜா வருதுன்னு வானிலை மையம் நாலு நாளா சொல்லிக்கிட்டே இருந்துச்சு. "இவனுங்க வரும்பான், வராது"ன்னு சிரிச்சிட்டு ஓட்டுவீட்டுலயே படுத்தாரு. 16ந்தேதி விடியறதுக்குள்ள வேதாரண்யம் பக்கமா கரையேறி எங்க ஊரையும் போட்டு தாக்கிட்டுப் போச்சு, ஓடு ஒண்ணு மிச்சமில்ல, கொல்லையில தென்னை பூரா படுத்துருச்சு. இப்ப ரெட் அலர்ட்டுன்னா மொத ஆளா டார்ச்சுக்கு பேட்டரி வாங்குறது அவருதான்.

மருந்துக்கடை கதை தனி. நெல்லுப்பயிர்ல சாறு உறிஞ்சுற புகையான் பூச்சிக்கு "இது நல்ல பவருங்க"ன்னு கடைக்காரரு ஒண்ணு குடுத்தாரு, அடிச்சப்பறம் புகையான் கூடுதலாச்சு. அப்பறம் வேளாண்மை ஆபீசர்கிட்ட காட்டுனா, பைரித்ராய்டு வகை மருந்து அடிச்சா புகையானத் தின்னுற நல்ல பூச்சியும் சிலந்தியும் மொதல்ல செத்துரும், புகையான் பெருகும்னாரு. கடைக்காரரு பொய் சொல்றவரு இல்ல, கடன்ல குடுக்குற நல்ல மனுசன்தான், ஆனா அலமாரியில இருக்கறதத்தான அவரு சொல்ல முடியும்?

இப்ப நான் அதிகமா போன் போடுறது எங்க ஏரியா லஸ்கருக்கு, அதான் மதகு, வாய்க்கால் தண்ணியப் பாத்துக்குற ஆளு. மேட்டூர் மட்டம் கேட்டா "பேப்பர் பாருங்க தம்பி"ம்பாரு. ஆறு மூணாப் பிரியற நீடாமங்கலம் மூணாறு தலைப்புல எத்தன ஷட்டர் தூக்கிருக்கு, நம்ம வாய்க்காலுக்கு முறை என்னைக்குன்னு கேட்டா நாக்கு நுனில வச்சிருப்பாரு. தெரியாதத தெரியாதுன்னு சொல்றாரு பாருங்க, அந்த ஒண்ணுக்காகவே அவரு சொல்ற மத்தத நம்பலாம்.

2025ல ஜூன் 12ந்தேதியே தண்ணி திறந்தாங்க. பேப்பர்ல வந்துச்சு, டிவில வந்துச்சு, 15ந்தேதி கல்லணையும் திறந்தாச்சு, லஸ்கரும் சொல்லிட்டாரு. நான் நாலு தடவ சரிபாத்துட்டு சித்தப்பாவுக்கு போன் பண்ணுனேன். எல்லாத்தையும் பொறுமையா கேட்டுக்கிட்டாரு.

"சரிடா தம்பி. நம்ம பாலத்து தூண்ல ரெண்டாவது வரி கல்லு நனையட்டும், அப்பறம் வெதச் சாக்க அவுக்குறேன்."